பதினேழாம் குழி

1. மேசைப் பக்கம் கூப்பிட்டபோது

டாக்டர் லிம் கையுறையைக் கழற்றாமலேயே என்னைப் பார்த்து, வா என்பதுபோலத் தலையசைத்தார். காலை பதினொரு மணி இருக்கும். ஜொகூர் மாநிலத்தில், சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்று. அதன் ஓரத்தில் பழைய இடுகாடு. இடுகாட்டுக்கு வெளியே நாங்கள் கேன்வாஸ் கூடாரம் போட்டிருந்தோம். கூடாரத்துக்குள் நீளமான மடக்கு மேசை ஒன்று. பதினேழாம் எண் குழியிலிருந்து எடுத்த எலும்புகளை அவர் அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து வரிசையாக வைத்திருந்தார்.

இருபதடி தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலியில் வேலாயுதம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்போது அறுபத்தேழு வயது. பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்த எலும்புகளுக்குப் பால் தெளித்து, மஞ்சள் தடவி, புதுச் சேலை ஒன்றை மேலே போர்த்தி, “அம்மா” என்று அழுது முடித்திருந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தவர். தாயின் பெயர் மாரியாயி. புதைத்த இடத்தை அடையாளம் காட்ட யாரும் இல்லாமல் அத்தனை வருடம் இருந்தவர். இதுதான் இடம் என்று அவருக்குச் சொன்னது நான்.

டாக்டர் லிம் குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் சொன்னார். இது பெண்ணுடைய எலும்பு இல்லை. ஆண். நாற்பதைத் தாண்டிய ஆண்.

எவ்வளவு உறுதி என்று கேட்டேன். அவர் இடுப்பெலும்பை எடுத்து, அதன் பின்பக்கம் வளைந்து போகும் இடத்தில் தன் கட்டைவிரலை வைத்துக் காட்டினார். பெண்ணாக இருந்தால் அந்த வளைவு அகன்றிருக்கும், விரலை இடமும் வலமும் ஆட்டலாம். இதில் விரல் நெருக்கிக்கொண்டு நின்றது. புருவ மேட்டையும் காட்டினார். முழு இடுப்பெலும்பும் கிடைத்த பிறகு இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை என்றார்.

நான் திரும்பி வேலாயுதத்தைப் பார்த்தேன். மகன் பக்கத்தில் நிற்க, அவருடைய மனைவி சரோஜா ஃபிளாஸ்கிலிருந்து அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

2. எங்கள் வேலை

மானிடவியல் படிக்க வந்திருக்கிறோம், இந்தக் கதையை எதற்குச் சொல்கிறீர்கள் என்று இளையவர்கள் கேட்பார்கள். அதனால் அந்தக் குழுவில் யார் யார், என்ன செய்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்தை ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. அங்கே தொழிற்பேட்டை வரப்போகிறது. இடுகாட்டில் இருந்தவர்களைக் குளுவாங் பக்கம் வேறு இடத்துக்கு மாற்ற அனுமதி வாங்கியாயிற்று. எந்தக் குழி யாருடையது என்று கண்டுபிடித்து, மரியாதையாக எடுத்துக் கொடுக்க எங்களை அமர்த்தினார்கள். மொத்தம் முப்பத்தொரு குழிகள். பாதிக்கு மேல் சிமெண்டுக் கல் இருந்தது, பெயர் இருந்தது. மற்றவை வெறும் புல்.

டாக்டர் லிம் உடல்சார் மானிடவியல். குளுவாங்கில் பிறந்து வளர்ந்த சீனப் பெண்மணி. அவருடைய துறைக்காரர்கள் மனித உடலைப் பார்க்கிறவர்கள்: எலும்பு, பல், உயரம், வளர்ச்சி, நோய், பரம்பரை. குரங்குகளின் பின்னால் காட்டில் அலைகிறவர்களும் அதே பிரிவுதான். லிம் அதற்கு முன்பு மூன்று வருடம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் அளந்துகொண்டிருந்தார்.

ஹாஃபிஸ் தொல்லியல். மண்ணுக்குள் மனிதர்கள் விட்டுப்போனதை வைத்து அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்கிற வேலை. எங்கள் நாட்டில் இதைத் தனித் துறையாக வைப்பவர்களும் உண்டு. ஜொகூர் ஆற்றங்கரையில் பழைய பானை ஓடுகளைப் பொறுக்கியே பாதி வயதைக் கழித்தவர். அவருக்கு ஒரு பொருள் முக்கியமில்லை. அது எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் முக்கியம். பொருளை யாராவது முந்திக்கொண்டு கையில் எடுத்துவிட்டால் அன்றைக்கு முழுதும் பேசமாட்டார்.

குமரேசன் மொழிசார் மானிடவியல். வயதில் எல்லாருக்கும் இளையவர், என்னை அக்கா என்று கூப்பிடுவார். மனிதர்கள் பேச்சை வைத்து என்னவெல்லாம் செய்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. பாசிர் கூடாங் பக்டரி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எந்த இடத்தில் தமிழை விட்டு மலாய்க்குத் தாவுகிறார்கள் என்று ஒரு வருடம் பஸ்ஸில் போய்வந்து எழுதியிருக்கிறார். எங்கள் குழுவில் அவருக்குச் சம்பளம் இல்லை. கல்வெட்டுகளைப் படித்துக் கொடுப்பார், பதிலுக்கு நான் பதிவு செய்யும் பேட்டிகளைக் கேட்டு, தோட்டத்துச் சொற்களைத் தொகுத்துக்கொள்வார். அதுதான் ஏற்பாடு.

நான் சமூக, பண்பாட்டு மானிடவியல். உயிரோடு இருக்கிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிறவள். யார் யாருக்கு உறவு, எதை ஏன் செய்கிறார்கள், எதைச் செய்ய மறுக்கிறார்கள், செத்தவர்களுக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டு, கூடவே இருந்து பார்த்து எழுதுவது. ஜொகூர் பாருவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தேன். ஸ்டெல்லா என்று பெயர். அந்தச் சமயத்தில் இந்த வேலையில் இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. மற்ற மூவரையும்விட எனக்குத்தான் மனிதர்களைத் தெரியும் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் இருந்தது.

3. ராக்கம்மா சொன்னதும் நான் எழுதியதும்

வேலாயுதத்தின் தாயைப் புதைத்ததைக் கண்ணால் பார்த்தவர்களில் உயிரோடு இருந்தவர் ஒரே ஒருவர். ராக்கம்மா. அப்போது அவருக்குப் பதினைந்து வயது, பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போய்க்கொண்டிருந்தவர். இப்போது குளுவாங்கில் மகன் வீட்டில் இருந்தார். நான் போனபோது தொலைக்காட்சியில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் வரும்போது மட்டும் எனக்குப் பதில் சொன்னார்.

இடுகாட்டின் நடுவில் முனியாண்டிக்கு ஒரு சிமெண்டு மேடை உண்டு. சாமியை எப்போதோ எடுத்துப் போய்விட்டார்கள், மேடை மட்டும் நிற்கிறது. அதை வைத்துத்தான் ராக்கம்மா இடம் சொன்னார். நான் பதிவு செய்தது இப்படி:

“முனியாண்டி மேடைக்குக் கீழண்ட. பத்துப் பதினஞ்சு எட்டு இருக்கும். தனியாத்தான் பொதச்சாங்க, பக்கத்துல வேற குழி இல்ல.”

மேடையிலிருந்து நிலம் ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும். கீழே, பதினைந்து எட்டு தூரத்தில், பெயரில்லாத குழி ஒன்றுதான் இருந்தது. பதினேழாம் எண். அறிக்கை ஆங்கிலத்தில் போகவேண்டும் என்பதால், மேடைக்குக் கீழே, சரிவில் என்று ஆங்கிலத்தில் எழுதி ஹாஃபிஸிடம் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துக் குழியைக் குறித்துக்கொண்டார்.

எங்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. எலும்பை எடுத்ததும் முதலில் டாக்டர் லிம் பார்க்கவேண்டும். அவர் முடித்த பிறகுதான் குடும்பத்தைக் கூப்பிடவேண்டும். அந்த ஒழுங்கை எழுதியதே நான்தான். ஆனால் வேலாயுதம் தினமும் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மகனுக்கு ஷிப்ட் வேலை, அந்த வியாழக்கிழமை விட்டால் அடுத்த லீவு இரண்டு வாரம் கழித்து என்றார். இரண்டு வாரத்தில் நிலத்தைக் கட்டட வேலைக்காரர்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அப்படியானால் வியாழக்கிழமையே வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். இதுதானா இடம், சந்தேகம் ஒன்றும் இல்லையே என்று கேட்டார். பார்த்தவரே சொல்லியிருக்கிறார், சந்தேகம் இல்லை என்றேன்.

4. எந்தப் பெயரை எழுத

கம்பெனியின் சார்பில் மணியம் என்ற அதிகாரி எங்களோடு இருந்தார். நல்ல மனிதர். மழை பெய்தால் எங்கள் எல்லாருக்கும் மழைக்கோட்டு கொண்டுவந்து தருவார். விஷயம் தெரிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வேனின் நிழலில் நிறுத்திப் பேசினார்.

“மேடம், அவரு அழுதுட்டாரு, பால் ஊத்திட்டாரு, மனசு ஆறிடுச்சு லா. இப்பப் போயி இது ஆம்பள எலும்புன்னு சொன்னா அந்த மனுசன் என்னாவாரு? பெட்டியில வச்சுக் கொடுத்துருங்க. சாமி கும்புட்டுக்கிட்டுப் போகட்டும்.”

இதை எழுதும்போது, உடனே மறுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறுக்கவில்லை. வேனுக்குள் ஏறி உட்கார்ந்தேன். அவர் சொல்வதில் என்ன தப்பு என்று யோசித்தேன். சடங்கு யாருக்காக? இருப்பவர்களுக்காக. அந்த மனிதருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மனிதர்கள் எலும்புக்காக அழுவதில்லை, நினைப்புக்காக அழுகிறார்கள் என்று நானே வகுப்பில் பாடம் எடுத்திருக்கிறேன். என் துறையிலிருந்தே அதற்கு ஆயிரம் நியாயம் எடுத்துக் கொடுக்க என்னால் முடியும். இன்னொன்றும் இருந்தது. சொன்னால் என் தப்பு வெளியே வரும். சொல்லாவிட்டால் வராது.

வேனின் கதவைத் தட்டினார் ஹாஃபிஸ். கையில் பெட்டியின் அட்டையும் மார்க்கர் பேனாவும். மேலே என்ன பெயர் எழுதட்டும் என்று மலாயில் கேட்டார். பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மாரியாயி என்று எழுதினால் அந்த மேசையில் கிடக்கும் மனிதர் இனி எங்கும் இருக்கமாட்டார். அவரைத் தேடி யாராவது வந்தாலும், இல்லை என்றுதான் பதில் சொல்லவேண்டியிருக்கும். அந்த அட்டையைப் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. இப்போதைக்கு எண்ணை மட்டும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வேனை விட்டு இறங்கினேன்.

வேலாயுதத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. நான் அவசரப்பட்டுவிட்டேன், அது உங்கள் அம்மா இல்லை, ஓர் ஆண் என்று சொன்னேன். காப்பிக் குவளை அவர் கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“அப்ப எங்கம்மா எங்க, மிஸ்?”

தெரியவில்லை என்றேன்.

“போன்ல எவ்வளவு உறுதியா சொன்னீங்க. நான் தாத்தாவாயிட்டவன், பேரப்பிள்ளைங்களுக்குக் கூடப் போன் பண்ணிப் கொள்ளுப்பாட்டி கிடைச்சிட்டாங்கன்னு சொல்லிட்டேன்.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சரோஜா எழுந்து போய், மேசையில் இருந்த சேலையை எடுக்கலாமா என்று டாக்டர் லிம்மிடம் சைகையில் கேட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, எடுக்காமலே திரும்பி வந்தார். கார் கிளம்பிப் போகும்வரை வேலாயுதம் என் பக்கம் பார்க்கவில்லை.

5. டிஷ்யூப் பெட்டியும் ரிமோட்டும்

மறுநாள் காலை குமரேசன் குளுவாங்கில் நான் தங்கியிருந்த இடத்துக்கு வந்தார். நடந்தது அவருக்குத் தெரியும். ராக்கம்மாவின் பதிவைக் காரில் வரும்போது மூன்று தடவை கேட்டதாகச் சொன்னார்.

“அக்கா, ‘கீழண்ட’ன்னு அவங்க சொல்றத நீங்க என்னன்னு எழுதுனீங்க?”

கீழே, சரிவுப் பக்கம் என்று எழுதினேன் என்றேன். கீழாண்ட என்று சொன்னால் கீழே என்றுதானே அர்த்தம்.

“அவங்க ‘கீழாண்ட’ன்னு சொல்லல. ‘கீழண்ட’ன்னு சொல்றாங்க. கீழண்டைன்னா கிழக்குப் பக்கம். மேலண்டைன்னா மேற்கு. அந்தத் தோட்டத்துப் பழைய ஆளுங்க நாலஞ்சு பேரு இப்படிப் பேசி என்கிட்ட ரெக்கார்டிங் இருக்கு.”

எங்கள் வீட்டில் கிழக்கைக் கெழக்கு என்றுதான் சொல்வோம். கீழண்டை என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. கேட்காத ஒரு சொல்லை, கேட்ட ஒரு சொல்லாக என் காது மாற்றிக்கொண்டது. பிறகு அதை நான் ஆங்கிலத்தில் போட்டேன். ஆங்கிலத்தில் போன பிறகு அந்தச் சொல் அங்கே இல்லவே இல்லை. ஹாஃபிஸ் பார்த்தது என்னுடைய சரிவைத்தான்.

அந்த இடத்தில் நிலம் மேற்கே சரிகிறது. கிழக்கு என்பது மேட்டுப் பக்கம். நாங்கள் தோண்டியதற்கு நேர் எதிர்த் திசை.

உடனே ராக்கம்மாவைக் கூப்பிட்டு, கிழக்கா என்று கேட்கப் போன என்னைக் குமரேசன் தடுத்தார். அப்படிக் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள், நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியக்கூடாது என்றார். நேரில் போனோம். குமரேசன் மேசைமேல் இருந்த டிஷ்யூப் பெட்டியை நடுவில் வைத்து, இதுதான் முனியாண்டி மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறு எந்தப் பக்கம் என்று கேட்டார். ராக்கம்மா தொலைக்காட்சி ரிமோட்டை எடுத்துப் பெட்டிக்கு ஒரு பக்கம் வைத்தார். மாரியாயியைப் புதைத்தது எங்கே என்றபோது மருந்து டப்பாவின் மூடியை எடுத்து, ரிமோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில், பெட்டிக்கு அந்தண்டை வைத்தார்.

ஆற்றுப் பக்கம் இல்லையா என்று கேட்டேன்.

“அது மேலண்ட. அந்தப் பக்கம் அப்பல்லாம் யாரு பொதச்சா? மழை வந்தா தண்ணி ஏறும். இடம் பத்தாமப் போனப்புறந்தான் அங்க பொதைக்க ஆரம்பிச்சாங்க.” என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ அன்னைக்கே இப்படி வச்சுக் கேட்டிருக்கலாமேம்மா.”

ஆமாம், கேட்டிருக்கலாம். கதையைக் கேட்டு முடித்ததும் எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. பாடை தூக்கியவர்களின் பெயர், யார் முதல் மண் போட்டது, யார் அழுதது, எல்லாம் எழுதிவைத்திருந்தேன். சொல்லை மட்டும் கேட்கவில்லை.

6. ஒரு நாள்

மேட்டுப் பக்கம் இடுகாட்டு வேலிக்கு வெளியே இருந்தது. பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் யாரோ வேலியை உள்ளே தள்ளிப் போட்டிருக்கவேண்டும். இப்போது அங்கே செம்பனை வரிசை. எங்கள் அனுமதி வேலிக்கு உள்ளே மட்டும்தான். மணியத்திடம் போய், நான் சொல்லைத் தப்பாகக் கேட்டதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஒதுங்கிப் போய் யார் யாருக்கோ போன் செய்தார். மலாயில், ஆங்கிலத்தில், கொஞ்சம் கெஞ்சலில். மறுநாள் மாலை வந்து, ஒரு நாள் கிடைத்திருக்கிறது, அதற்கு மேல் என் கையில் இல்லை என்றார்.

அந்த ஒரு நாளில் ஹாஃபிஸ் வேலை செய்ததைப் பார்த்தபோதுதான் தொல்லியல் என்பது தோண்டுகிற வேலை இல்லை என்று எனக்குப் புரிந்தது. அவர் சுரண்டினார். மண்வெட்டியால் புல்லையும் வேரையும் ஒரு விரல்கடை அளவுக்குச் சீவி எடுத்துவிட்டு, கொத்துக்கரண்டியால் தரையை வழித்து, தண்ணீர் தெளித்து, எட்டி நின்று பார்த்தார். திரும்பவும் வழித்தார். அவர் தேடியது எலும்பை இல்லை, நிறத்தை. ஒருமுறை தோண்டி மூடிய மண் எத்தனை வருடம் ஆனாலும் பழையபடி சேராதாம். மதியம் இரண்டு மணிக்குச் செம்மண் தரையில் மங்கலாக ஒரு நீள்சதுரம் தெரிந்தது. சிவப்பும் மஞ்சளும் சாம்பலும் கலந்து, மற்ற இடத்திலிருந்து வேறாக. மேடையிலிருந்து பதின்மூன்று எட்டு. சுற்றிலும் வேறு குழியே இல்லை.

உள்ளே அதிகம் இல்லை. மேட்டு மண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும், எலும்பு தங்காது என்று டாக்டர் லிம் முன்பே எச்சரித்திருந்தார். சில பற்கள், முழங்காலுக்குக் கீழ் எலும்புகளில் இரண்டு துண்டு, கை இருந்திருக்கவேண்டிய இடத்தில் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள் வளைவாகக் கிடந்தன. ஹாஃபிஸ் அவற்றை யாரையும் தொடவிடவில்லை. படம் பிடித்து, அளந்து, வரைந்த பிறகுதான் எடுத்தார்.

7. நாலு பேரும் ஒரே மேசையில்

இந்தத் தடவை வேலாயுதத்தை நான் போனில் கூப்பிட்டபோது எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ஓர் இடம் கிடைத்திருக்கிறது, வந்து நாங்கள் சொல்வதைக் கேளுங்கள், அப்புறம் நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும் என்று மட்டும் சொன்னேன். வராமல் இருந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சரோஜாவும் அவரும் மட்டும் வந்தார்கள். கையில் பூவும் பாலும் இல்லை.

கூடாரத்தில் நாங்கள் நால்வரும் அவருக்கு எதிரில் உட்கார்ந்தோம். ஒவ்வொருவரும் தன்னால் என்ன சொல்ல முடியும், என்ன சொல்ல முடியாது என்று சொல்வது என்று பேசிவைத்திருந்தோம். நான் மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குமரேசனைப் பார்த்துக்கொண்டேன்.

ஹாஃபிஸ், இது குழிதான், செம்பனை நடுவதற்கு முன்னால் தோண்டியது, வளையல் போட்ட கை இருந்தது, அதற்கு மேல் மண் எதுவும் சொல்லவில்லை என்றார். டாக்டர் லிம், பற்களின் தேய்மானத்தை வைத்துப் பார்த்தால் இருபதிலிருந்து முப்பத்தைந்துக்குள் இருக்கலாம், சிறிய உடம்பு, ஆணா பெண்ணா என்று சொல்ல எலும்பு போதாது என்றார். குமரேசன் கீழண்டை விஷயத்தைச் சொன்னார். நான் ராக்கம்மா மூடியை வைத்த கதையைச் சொல்லி, அறுபது வருடத்துக்கு முந்தைய ஞாபகம் அது, அதில் தவறு இருக்கவும் கூடும் என்றேன்.

ரத்தப் பரிசோதனை மாதிரி ஏதோ செய்வார்களே என்று சரோஜா கேட்டார். மரபணுச் சோதனை செய்து பார்க்கலாம், ஆனால் இந்த மண்ணில் கிடந்த எலும்பில் பலன் கிடைப்பது சந்தேகம், கிடைத்தாலும் பல மாதம் ஆகும், ஒரு பல்லை உடைத்துத் தூளாக்கவேண்டும் என்று டாக்டர் லிம் விளக்கினார்.

வேலாயுதம் தட்டில் இருந்த பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க, மிஸ்?”

“இருக்கலாம்னு நினைக்கிறேன், ஐயா. அவங்கதான்னு சொல்ல என்னால முடியாது.”

அவர் தலையாட்டினார். “பல்ல உடைக்க வேணாம். அறுபது வருசம் ஒண்ணுமே தெரியாமத்தான் இருந்தேன். இவ்வளவு தெரிஞ்சா எனக்குப் போதும்.”

சரோஜா எழுந்து போய்க் காரைத் திறந்தார். பூவும் பாலும் காரில்தான் இருந்திருக்கின்றன.

ஒவ்வொரு குழிக்கும் நிரப்பவேண்டிய படிவத்தில் அடையாளம் தெரிந்தது, தெரியாதது என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. எந்தக் கட்டத்திலும் குறி போடாமல், எங்களுக்குத் தெரிந்ததை ஓரத்தில் ஆறு வரியாகக் கையால் எழுதி நால்வரும் கையெழுத்துப் போட்டோம். மணியம் அதை வாங்கிப் படித்துவிட்டு, இதற்காக நாலு தடவை போன் வரும் என்று சொல்லிக்கொண்டே கோப்பில் வைத்தார்.

8. பிறகு வந்த ஒருவர்

பதினேழாம் குழியில் இருந்தவரைப் புதிய இடத்தில் எண்ணோடு புதைத்தோம். பெயர் இடம் காலி. தமிழ்ப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தோம்.

எட்டு மாதம் கழித்து சிகாமாட்டிலிருந்து தேவகி என்று ஓர் அம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். அறுபது வயது இருக்கும். அறிவிப்பைத் தாமதமாகத்தான் பார்த்திருக்கிறார். அப்பாவை அந்தத் தோட்டத்தில் புதைத்தார்கள், சின்ன வயதில் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், ஆறு தெரிந்தது ஞாபகம் என்றார்.

பழைய ஸ்டெல்லாவாக இருந்தால் உடனே கோப்பைத் திறந்திருப்பேன். நான் ஒன்றும் காட்டவில்லை. உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுப் பதிவுக் கருவியைப் போட்டேன். அவர் ஒரு மணி நேரம் பேசினார். புரியாத சொல் வந்த இடத்தில் எல்லாம் நிறுத்தி, அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். நாலு இடத்தில் நிறுத்தினேன். பேச்சோடு பேச்சாக, லாரியிலிருந்து விழுந்ததில் அப்பாவுக்கு இடது கால் கொஞ்சம் குட்டை, சைக்கிளில் ஏறும்போது இப்படிச் சாய்ந்து ஏறுவார் என்று எழுந்து நின்று சாய்ந்து காட்டினார்.

பதினேழாம் குழி பற்றிய டாக்டர் லிம்மின் தாளில் அது இருந்தது. இடது தொடை எலும்பு, பழைய முறிவு, கோணலாகச் சேர்ந்திருக்கிறது, வலதைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைவு.

இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம், நாலு பிரிவில் எதை எடுத்தால் நல்லது என்று கேட்கிறார்கள். எது பிடிக்கிறதோ அதை எடுங்கள். ஆனால் உங்கள் பிரிவுக்கு என்ன தெரியாது என்பதை முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு இருபத்தாறு வருடம் ஆயிற்று.

அன்றைக்குத் தேவகி பேசி முடித்துவிட்டு, அப்பா கிடைத்தாரா என்று கேட்டார். நான் கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தேன். எங்களுக்கு எதெல்லாம் தெரியாது என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.